நேற்றைய ஆர்டர் இன்றும் மாறும்: ஆன்லைன் கடைக் கணக்கைத் தானாக டாஷ்போர்டுக்குக் கொண்டுபோவது எப்படி

எனக்குத் தெரிந்த ஒருவர் சென்னிமலைப் போர்வை, துண்டு, மெத்தை விரிப்பு எல்லாம் ஆன்லைனில் விற்கிறார். வேர்ட்பிரஸ் தளத்தில், அதைக் கடையாக மாற்றும் வூகாமர்ஸ் என்ற பிளக்இன் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) போட்ட சின்னக் கடை. வாரா வாரம் திங்கட்கிழமை காலையில் அவருடைய மைத்துனர் உட்கார்ந்து ஆர்டர்களை டவுன்லோடு செய்வார். காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பான சிஎஸ்வியை எக்செலில் திறப்பார். வேண்டாத பத்திகளை அழிப்பார், ரத்தான ஆர்டர்களைத் தூக்குவார், மிச்சத்தைப் போன வாரக் கோப்புக்குக் கீழே ஒட்டுவார், பைவட் என்ற தொகுப்பு அட்டவணை போடுவார். பதினொரு மணிவாக்கில் ஒரு வரைபடம் வரும்.

மைத்துனருக்குக் கோவையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அடுத்த திங்கள் கடைக்காரரே அதைச் செய்து பார்த்தார். விற்பனை திடீரென்று கூடியிருந்தது. சந்தோஷப்படுவதற்குப் பதிலாகச் சந்தேகப்பட்டார், நல்ல வியாபாரி. "மச்சான் போட்டப்ப இவ்வளவு வராதுங்களே, எங்கியோ தப்பா இருக்குது" என்று எனக்குப் போன் செய்தார்.

எந்த ஆர்டரைச் சேர்ப்பது, எதை விடுவது, ஷிப்பிங் கட்டணத்தைக் கழிப்பதா வேண்டாமா என்பதெல்லாம் மைத்துனரின் தலைக்குள் மட்டும் இருந்தது. கோப்பு இருந்தது, கோப்பைச் செய்யும் முறை ஊரை விட்டுப் போய்விட்டது.

அந்த முறையை ஓரிடத்தில் எழுதி வைத்து, அதுவே குறித்த நேரத்தில் ஓடும்படி செய்வதைத்தான் ஷெட்யூல் செய்த எக்ஸ்போர்ட் என்கிறோம். பால்காரரிடம் சொல்லி வைப்பது மாதிரிதான். தினமும் அரை லிட்டர், வெள்ளிக்கிழமை ஒரு லிட்டர், வாசலில் தொங்கும் பையில் போட்டுவிடுங்கள். என்ன, எவ்வளவு, எப்போது, எங்கே என்று ஒருமுறை சொல்லிவிட்டால் தினமும் கதவைத் திறந்து பேச வேண்டியதில்லை. எக்ஸ்போர்டிலும் அதே நான்கு கேள்விகள். எந்த ஆர்டர்கள், எந்தப் பத்திகள், எத்தனை மணிக்கு, எந்த ஷீட்டுக்கு.

கேட்க எளிதாக இருக்கிறது. உண்மையில் பாதி வேலை முதல் கேள்வியிலேயே இருக்கிறது.

அதற்கும் முன்னால் ஒன்று: ஒரு வரிசை என்றால் என்ன? ஒரு ஆர்டரா, ஒரு பொருளா? புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இதை யோசிப்பதே இல்லை. ஒருவர் இரண்டு போர்வை 1,100 ரூபாய்க்கும், ஐந்து துண்டு 600 ரூபாய்க்கும், ஒரு விரிப்பு 700 ரூபாய்க்கும் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் மொத்தம் 2,400. ஷாப்பிஃபை என்ற இன்னொரு ஆன்லைன் கடைச் சேவையில் ஆர்டர்களை சிஎஸ்வியாக எடுத்தால் இந்த ஒரு ஆர்டர் மூன்று வரிசைகளில் வரும். மொத்தத் தொகை முதல் வரிசையில் மட்டும் இருக்கும், மற்ற இரண்டிலும் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். கூட்டினால் சரியாகத்தான் வரும். ஆனால் டாஷ்போர்டில், அதாவது கணக்கை வரைபடமாகக் காட்டும் பக்கத்தில், 'துண்டு' என்று வடிகட்டினால் தொகை பூஜ்யம். 'போர்வை' என்று வடிகட்டினால் துண்டு, விரிப்பு காசும் சேர்ந்து 2,400. இன்னொரு பக்கம், சில வூகாமர்ஸ் பிளக்இன்களில் ஆர்டர் விவரத்தை எல்லா வரிசைகளிலும் நிரப்பும் வசதி உண்டு. அதை டிக் செய்துவிட்டுக் கூட்டினால் 7,200. கடை ஒரே நாளில் மும்மடங்கு வளர்ந்துவிடும்.

என் வழக்கம், இரண்டு தனி ஷீட். ஒன்றில் ஆர்டருக்கு ஒரு வரிசை: எண், தேதி, நிலை, மொத்தம், வரி, ஷிப்பிங், தள்ளுபடி, பணம் செலுத்திய விதம், பின்கோடு. இன்னொன்றில் பொருளுக்கு ஒரு வரிசை: ஆர்டர் எண், பொருள் குறியீடு, எண்ணிக்கை, தொகை. இரண்டையும் ஆர்டர் எண் இணைக்கும். இது கொஞ்சம் கூடுதல் வேலைதான். ஆனால் 'இந்த மாதம் எவ்வளவு விற்றது' என்பதும் 'எந்தப் போர்வை ஓடுகிறது' என்பதும் வேறு வேறு கேள்விகள். ஒரே ஷீட்டை இரண்டுக்கும் பதில் சொல்ல வைத்தால் ஏதாவது ஒன்றில் அது பொய் சொல்லும்.

சரி, இப்போது எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம்.

முதன்முதலாக இதைச் செய்பவர்கள் எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வரும்: தினமும் இரவு நேற்றைய ஆர்டர்களை எடு, ஷீட்டின் கடைசியில் சேர். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். வங்கிப் பாஸ்புக் அப்படித்தானே இருக்கிறது, ஒரு வரி விழுந்தால் விழுந்ததுதான். ஆனால் ஆர்டர் பாஸ்புக் வரி இல்லை. அது கல்யாணத் தேதி மாதிரி. குறித்த பிறகும் தள்ளிப்போகும், சில சமயம் நின்றும் போகும்.

நம் ஊர் ஆன்லைன் விற்பனையில் சிஓடி ஆர்டர் ஒன்றைப் பின்தொடர்ந்து பாருங்கள். திங்கட்கிழமை இரவு ஒருவர் 1,850 ரூபாய்க்கு ஆர்டர் போடுகிறார், பணம் பொருள் கைக்கு வரும்போது தருவதாக. அன்றைக்கு அதன் நிலை 'புராசஸிங்'. புதன்கிழமை கூரியரில் ஏறுகிறது. சனிக்கிழமை டெலிவரிப் பையன் கதவைத் தட்டுகிறான், வீடு பூட்டியிருக்கிறது. மறுபடி போகிறான், "வேண்டாம்" என்கிறார்கள். பார்சல் திரும்பி வருகிறது. அடுத்த வாரம் கடைக்காரர் அதைக் 'கேன்சல்டு' என்று மாற்றுகிறார். திங்கள் இரவே எடுத்து ஒட்டிய உங்கள் ஷீட்டில் மட்டும் அது இன்னமும் 1,850 ரூபாய் விற்பனை. கடையில் நடந்த மாற்றம் ஷீட்டுக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே ஆர்டர் உண்டான தேதியை வைத்து எடுக்காதீர்கள், கடைசியாக மாறிய தேதியை வைத்து எடுங்கள். வூகாமர்ஸின் ஏபிஐயில் 5.8 பதிப்பு முதல் 'இந்த நேரத்துக்குப் பிறகு மாறிய ஆர்டர்கள் மட்டும்' என்று கேட்கும் வசதி இருக்கிறது. ஏபிஐ என்று மிரள வேண்டாம். கடையின் பின்கட்டில் நிரல்களுக்காக வைத்திருக்கும் ஜன்னல் அது. மனிதர்கள் எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்துகிறார்கள், நிரல்கள் அந்த ஜன்னலில் வந்து கேட்கின்றன.

மாறிய ஆர்டர்களை எடுத்த பிறகு கடைசியில் ஒட்டக்கூடாது. ஆர்டரின் உள் எண்ணை ஷீட்டில் தேட வேண்டும். இருந்தால் அந்த வரிசையின் மேலேயே புதிதை எழுத வேண்டும், இல்லாவிட்டால் மட்டும் புதிய வரிசை. பொருள் ஷீட்டில் இன்னும் சுருக்கம்: அந்த ஆர்டரின் பழைய வரிசைகளை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி எழுதிவிடுவது. இப்படிச் செய்தால் ஒரு பெரிய நிம்மதி. ஒரே இரவில் எக்ஸ்போர்ட் தவறுதலாக இரண்டு முறை ஓடினாலும் கணக்கு இரட்டிப்பாகாது. ஒருமுறை ஓடினாலும் பத்து முறை ஓடினாலும் ஷீட் ஒரே மாதிரி இருக்கும்.

இங்கே 'உள் எண்' என்று சொன்னதைக் கவனியுங்கள். வாடிக்கையாளருக்குப் போகும் ஆர்டர் எண்ணைச் சில பிளக்இன்கள் அழகுபடுத்தி மாற்றும், முன்னால் எழுத்து சேர்க்கும், வருடம் பிறந்தால் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். உள் எண் அப்படி மாறாது.

'கடைசியாக ஓடிய நேரத்துக்குப் பிறகு மாறியவை' என்று மிகச் சரியாகக் கேட்பதை விட, 'கடந்த 7 நாட்களில் மாறியவை' என்று தாராளமாகக் கேட்பது எனக்குப் பிடிக்கும். சின்னக் கடையில் அதனால் ஒரு பாரமும் இல்லை. மேலெழுதும் முறை என்பதால் ஒரே ஆர்டர் ஏழு தடவை வந்தாலும் கெடுதல் இல்லை. அப்புறம், முற்றிலுமாக அழிக்கப்பட்ட ஆர்டர்கள் 'மாறியவை' பட்டியலில் வராது. அதற்காக மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுத்து ஷீட்டைப் புதுப்பிப்பது நல்லது.

ரீஃபண்டில் ஒரு நுணுக்கம் உண்டு. முழுத் தொகையைத் திருப்பிக் கொடுத்தால் வூகாமர்ஸில் ஆர்டரின் நிலையே 'ரீஃபண்டட்' என்று மாறும். ஐந்து துண்டில் ஒன்று சாயம் போயிருந்தது என்று 120 ரூபாய் மட்டும் திருப்பிக் கொடுத்தால் நிலை மாறாது, மொத்தத் தொகையும் மாறாது. ரீஃபண்ட் தனிப் பதிவாக, தனித் தேதியோடு, கழித்தல் குறியோடு பக்கத்தில் நிற்கும். அதைத் தனிப் பத்தியாக எடுக்காவிட்டால் டாஷ்போர்டில் காசு எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

கடைக்காரரின் 'திடீர்' விற்பனை உயர்வுக்குக் காரணமும் இந்த வகைதான். மைத்துனர் ரத்தானவற்றோடு 'ஃபெயில்டு', 'பென்டிங்' ஆர்டர்களையும் தூக்கிவிடுவார். பணம் கட்டுவது தவறிப்போன ஆர்டர்களும், இன்னும் பணம் கட்டாமல் நிற்கும் ஆர்டர்களும் அவை. இவர் ரத்தானதை மட்டும் தூக்கியிருந்தார்.

அடுத்து நேரம். கணினிகளுக்குப் பொது நேரம் யூடிசி. நம் கடிகாரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் ஓடுகிறது. நவம்பர் 1 அதிகாலை 1:10க்கு வந்த ஆர்டர் யூடிசி கணக்கில் அக்டோபர் 31 இரவு 7:40. மாதக் கடைசியில் தீபாவளித் தள்ளுபடி போட்டிருந்தால் நள்ளிரவுக்குப் பிறகு வந்த விற்பனை எல்லாம் போன மாதக் கணக்கில் போய் உட்காரும். வூகாமர்ஸ் ஒவ்வொரு ஆர்டருக்கும் கடையின் நேரம், பொது நேரம் இரண்டையும் தருகிறது. எதை எடுக்கிறோம் என்று பார்த்து எடுத்தால் போதும்.

ஓடும் நேரத்தைக் குறிப்பதற்கும் இதே சிக்கல். லினக்ஸ், யூனிக்ஸ் கணினிகளில் கிரான் என்று ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து இடங்கள். நட்சத்திரக் குறி என்றால் 'எதுவானாலும்'. தினமும் இரவு இரண்டரைக்கு ஓட வேண்டுமென்றால் 30 2 * * * என்று எழுதலாம். ஆனால் சர்வர் யூடிசியில் இருந்தால் அது நம் ஊரில் காலை எட்டு மணி. நமக்கு இரண்டரை வேண்டுமானால் அங்கே 0 21 * * * என்று எழுத வேண்டும்.

வேர்ட்பிரஸுக்குள்ளேயே கிரான் போல ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு விசித்திர குணம்: யாராவது தளத்தைத் திறந்தால்தான் அது விழித்து மணி பார்க்கும். இரவு இரண்டரைக்குப் போர்வை வாங்க யாரும் வராவிட்டால், காலை ஆறு மணிக்கு முதல் ஆள் வரும்போதுதான் இரண்டரை மணி வேலை ஆரம்பிக்கும். சின்னக் கடைகள், தளத்துக்கு இடம் வாங்கியிருக்கும் ஹோஸ்டிங் கணக்கில் கிடைக்கும் உண்மையான கிரானை வைத்துத் தளத்தைத் தட்டி எழுப்புவது நல்லது. இல்லாவிட்டால் வெளியில் ஓடும் ஒரு நிரலை அந்த ஏபிஐ ஜன்னலுக்கு அனுப்பிக் கேட்க வேண்டும்.

அந்தக் கடைக்கு நான் செய்தது இரண்டாவது வழி. கூகுள் ஷீட்டில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்று சின்ன நிரல் எழுதும் இடம் உண்டு. அதில் டிரிகர் வைத்தால் தினமும் இரவு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் ஏதோ ஒரு நிமிடத்தில் ஓடும். காசு கிடையாது. ஒரு ஓட்டம் 6 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அதன் கட்டுப்பாடு. தினசரி வேலைக்கு அது தாராளம். ஐந்து வருட ஆர்டரை ஒரே மூச்சில் இழுக்க மட்டும் போதாது, மாதம் மாதமாகப் பிரித்து இழுக்க வேண்டும்.

முதல் வாரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் பார்த்தால் எந்த இரவும் பத்து ஆர்டருக்கு மேல் வரவில்லை. ஆடித் தள்ளுபடி நாட்களிலும் சரியாகப் பத்து. காரணம் இதுதான்: ஏபிஐ ஜன்னலில் சும்மா கேட்டால் ஒரு பக்கத்துக்குப் பத்து ஆர்டர்தான் கொடுக்கும், அதிகபட்சம் 100 என்று கேட்கலாம், அதற்கும் மேல் இருந்தால் அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று தீரும்வரை கேட்டுக்கொண்டே போக வேண்டும். கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை. அன்றிலிருந்து எந்தக் கணக்கிலாவது உருண்டையான எண் திரும்பத் திரும்ப வந்தால் எனக்குக் கண் உறுத்தும்.

ஷாப்பிஃபை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. அங்கே எக்ஸ்போர்ட் பொத்தானில் பெரிய பட்டியல் கேட்டால் கோப்பு மின்னஞ்சலில் வரும். தினசரி ஓட்டத்துக்கு ஒரு ஆப் அல்லது ஏபிஐ வேண்டும். தனி அனுமதி வாங்காத ஆப்களுக்குக் கடைசி 60 நாள் ஆர்டர்கள் மட்டுமே தெரியும். 'போன வருடக் கணக்கு ஏன் வரவில்லை' என்ற கேள்விக்குப் பல சமயம் இதுதான் பதில்.

எடுத்த தரவு போய்ச் சேரும் இடம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கூகுள் ஷீட்டில் ஒரு கோடிக் கட்டங்கள் வரை வைக்கலாம். இருபது பத்தி என்றால் ஐந்து லட்சம் வரிசை, சின்னக் கடைக்கு வருடக்கணக்கில் தாங்கும். அதன் மேல் லுக்கர் ஸ்டூடியோ என்ற கூகுளின் டாஷ்போர்டுக் கருவியை இணைத்தால் டாஷ்போர்டு தயார். மைக்ரோசாஃப்டின் அதே மாதிரிக் கருவியான பவர் பிஐ புரோ வைத்திருந்தால் நாளைக்கு 8 முறை வரை ஷெட்யூல் செய்த புதுப்பித்தல் கிடைக்கும். ஆனால் ஷீட்டுக்குத் தரவு இரவில் ஒருமுறைதான் வருகிறது, டாஷ்போர்டு எட்டு முறை புதுப்பித்து என்ன பயன்? கடைக்குத் தேவையான வேகம் எது என்று முதலில் கேளுங்கள். தினம் ஐம்பது ஆர்டர் வரும் கடைக்கு நொடிக்கு நொடி டாஷ்போர்டு வேண்டும் என்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

நடுவில் எக்செலை நுழைய விடாதீர்கள். சிஎஸ்வி கோப்பைச் 'சும்மா ஒரு பார்வை பார்க்க' எக்செலில் திறந்து சேமித்தாலே கெட்டுவிடும். 890இல் தொடங்கும் 13 இலக்கப் பார்கோடு 8.90E+12 என்று சுருங்கும். 00450 என்ற பொருள் குறியீடு 450 ஆகும். 3-5 என்று அளவு எழுதியிருந்தால் தேதி ஆகும். இந்தத் தேதி வியாதிக்குப் பயந்து 2020இல் விஞ்ஞானிகள் சில மனித மரபணுக்களின் பெயர்களையே மாற்றி வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் பொருள் பெயர் வைத்திருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. கோப்பு யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் இருக்கிறது என்று எக்செலுக்குப் புரியாவிட்டால் 'போர்வை' என்பது புழு நெளிந்த மாதிரி ஏதோ எழுத்துகளாகத் தெரியும். ஏபிஐயிலிருந்து நேரே ஷீட்டுக்குப் போகும் வழியில் எழுத்துச் சிதைவு வராது. ஆனால் ஷீட்டும் தன் பங்குக்குப் பூஜ்யங்களை விழுங்கும். அந்தப் பத்தியை முன்கூட்டியே 'வெறும் எழுத்து' என்று வடிவமைத்து வைக்க வேண்டும்.

வாடிக்கையாளர் பெயர், போன், வீட்டு முகவரி மூன்றையும் நான் எடுப்பதே இல்லை. எந்த ஊரில் விற்கிறது என்று பார்க்கப் பின்கோடு போதும். டாஷ்போர்டு இணைப்பை யார் யாருக்கோ அனுப்புவோம், அதன் வழியாகப் பின்னால் இருக்கும் ஷீட்டும் ஒருநாள் வெளியே போகும். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நம் வீட்டு முகவரி அப்படிப் போனால் நமக்கு எப்படி இருக்கும்? ஏபிஐ ஜன்னலில் நிரல் காட்ட வேண்டிய கடவுச்சொல் மாதிரியான சாவியை உண்டாக்கும்போது 'ரீட்' அனுமதி மட்டும் கொடுங்கள். படிக்க மட்டுமே முடிகிற சாவி யார் கையில் கிடைத்தாலும் விலையை மாற்ற முடியாது. அதையும் ஷீட்டின் ஒரு கட்டத்தில் எழுதி வைக்காதீர்கள்.

டாஷ்போர்டைக் காட்டிய முதல் நாளே கடைக்காரர் கேட்டது, "வூகாமர்ஸ் ஒரு எண் காட்டுது, இது ஒரு எண் காட்டுது, எதுங்க சரி?" இரண்டும் சரிதான். வூகாமர்ஸ் அறிக்கையில் 'நெட் சேல்ஸ்' என்பது ஜிஎஸ்டி, ஷிப்பிங் சேராமல், கூப்பன் தள்ளுபடியும் ரிட்டர்னும் கழித்தது. 'டோட்டல் சேல்ஸ்' அவற்றோடு வரியும் ஷிப்பிங்கும் சேர்ந்தது. நாங்கள் நெட்டையே எடுப்பது என்று முடிவு செய்து, அந்த வரையறையை டாஷ்போர்டின் அடியிலேயே இரண்டு வரியில் எழுதினோம். மைத்துனர் தலைக்குள் இருந்தது அப்படித்தான் வெளியே வந்தது. ஒரு மாதம் வரை வாரம் ஒருமுறை இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தோம், அப்புறம் விட்டுவிட்டோம்.

தானாக ஓடும் எதிலும் பயப்பட வேண்டியது பிழைச் செய்திக்கு அல்ல, அமைதிக்குத்தான். எக்ஸ்போர்ட் நின்றுவிட்டால் டாஷ்போர்டு அழுவதில்லை, போன வாரத்து வரைபடத்தை அதே பளபளப்போடு காட்டிக்கொண்டிருக்கும். அதனால் டாஷ்போர்டின் மேல் மூலையில் 'கடைசியாக வந்த ஆர்டர்' என்று தேதியும் நேரமும் பெரிய எழுத்தில் வைத்தேன். ஒரு ஓட்டத்தில் ஒரு ஆர்டர்கூட வராவிட்டால் மின்னஞ்சல் போகும்படியும் செய்தேன். கடைக்காரர் மின்னஞ்சல் பார்க்கிற ஆள் இல்லை. ஆனால் அந்த மூலையைத் தினமும் பார்ப்பார்.

மூன்று மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை போன் வந்தது. "மேல இருக்கற தேதி முந்தாநேத்தோட நிக்குதுங்க." விசாரித்தால், பழைய சாவி ஏதோ கிடக்கிறது என்று அவரே வூகாமர்ஸ் பக்கத்தில் சுத்தம் செய்திருக்கிறார். எங்கள் சாவியும் அதில் போய்விட்டது. புதுச் சாவி உண்டாக்கி ஸ்கிரிப்டில் மாற்றப் பத்து நிமிடம் ஆனது. "விட்டுப்போன நாளோட ஆர்டரை எல்லாம் கையில ஏத்தணுங்களா?" என்றார். வேண்டாம், ஏழு நாள் கணக்கில் அதுவே வந்துவிடும் என்றேன். அன்றிரவு ஓட்டத்தில் வந்துவிட்டது.